டி.சி. கொடுப்பதற்கு முன்னால்

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா கேட் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நீங்க படிச்ச ஸ்கூலுதானே அது? அங்க யாரையாச்சும் தெரியுமா? எம்புள்ளைக்கு டி.சி. வாங்கிக்கச் சொல்றாங்க" என்றார்.

பையன் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் சண்டை, ஆசிரியரை எதிர்த்துப் பேச்சு, பாதி நாளில் சுவரேறிக் குதித்து வெளியே போனது என்று வரிசையாகப் புகார். மூன்று முறை பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறையும் அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு ஹெச்.எம். அறை வாசலில் நின்றிருக்கிறார். நான்காவது முறை, "வேற ஸ்கூல் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

முன்னாள் மாணவன் என்ற உரிமையில் மறுநாள் போய்ப் பேசினேன். கோபத்தோடுதான் போனேன். ஆனால் அந்த வகுப்பாசிரியர் சொன்ன ஒரு வாக்கியம் என் கோபத்தை அப்படியே நிறுத்திவிட்டது. "சார், அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சரி, நானும் அடிக்கிறதில்ல. ஆனா அடிக்காம என்ன பண்ணணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. என் கிளாஸ்ல அறுபது பேர் இருக்காங்க."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் கடந்த சில மாதங்களாக இரவு நேரங்களில் படித்துக்கொண்டிருந்தேன். நான் கல்வியாளன் கிடையாது. பி.இ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது, அதில் நமக்கு ஆகிறதும் ஆகாததும் இருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் எதுவரை வருகிறது

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு கல்வி விதிகளில் மாணவனை அடிக்க இடம் கொடுத்த 51-ஆவது விதி 2003-லேயே திருத்தப்பட்டுவிட்டது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், உடல் தண்டனையை ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் அமல்படுத்தச் சொன்னது. பள்ளிக் கல்வித் துறையும் சுற்றறிக்கை அனுப்பியது.

இதில் கவனிக்கவேண்டியது "தொடக்கக் கல்வி முடியும்வரை" என்ற சொற்களை. அதாவது எட்டாம் வகுப்பு வரை. மீசை முளைக்கிற வயசு, பையன்களின் சேட்டை பெரிதாகும் வயசு, ஒன்பதாம் வகுப்பு. சரியாக அந்த இடத்தில் பாதுகாப்பு நின்றுபோகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் கண்ணில் தெரிய ஆரம்பிப்பதும் அப்போதுதான். அக்கா மகன் அந்த இடைவெளியில்தான் விழுந்தான்.

எதைச் செய்யக் கூடாது என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. எதைச் செய்யவேண்டும் என்ற பக்கம் பெரும்பாலும் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்பப் பார்க்கும் முறைகளில் ஒன்றுதான் பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட். தமிழில் நேர்மறை நடத்தை ஆதரவு என்று சொல்லலாம். பள்ளி முழுவதும் செயல்படுத்தும் வடிவத்தை அமெரிக்காவில் பி.பி.ஐ.எஸ். என்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது

ஊர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் இருவரும் இதன் முக்கியமான பெயர்கள். முதலில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகத்தான் இது உருவானது. தலையை முட்டிக்கொள்ளும், அடுத்தவரைக் கடிக்கும் குழந்தைகளை வலி கொடுத்து அடக்கும் முறைகளுக்கு எதிர்வினையாக வந்தது. 1997-இல் அந்த நாட்டின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தச் சொற்றொடர் சட்டத்துக்குள் ஏறியது. அதே காலத்தில் ஆரிகனில் ஃபெர்ன் ரிட்ஜ் என்ற நடுநிலைப் பள்ளி, தனித்தனிக் குழந்தைகளுக்குச் செய்வதைப் பள்ளி முழுக்கச் செய்து பார்த்தது.

அடிப்படை எண்ணம் ரொம்ப எளிது. பின்னக் கணக்கு தப்பாகப் போட்டால் மறுபடி சொல்லிக்கொடுக்கிறோம். வரிசையில் முண்டியடித்தால் திட்டுகிறோம். வரிசையில் நிற்பதும் கோபத்தை அடக்குவதும் பிறக்கும்போதே வந்திருக்கவேண்டிய விஷயங்கள் என்று நினைக்கிறோம். அவையும் பாடம்தான், அவற்றையும் சொல்லிக்கொடுத்து, பயிற்சி கொடுத்து, சரியாகச் செய்தால் சரி என்று சொல்லவேண்டும் என்பதே இந்த முறை.

இன்னொரு எண்ணம் பொதுச் சுகாதாரத்திலிருந்து எடுத்தது. நம்ம ஏரியாவில் மழைக்காலம் வந்தால் டெங்கு வரும். அப்போது மூன்று வேலை நடக்கும். எல்லார் வீட்டிலும் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது. காய்ச்சல் வந்தவர்களுக்கு முகாம். நிலைமை மோசமானவர்களுக்கு ஆஸ்பத்திரி. முதல் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கை போதாது. பள்ளியிலும் அதே மூன்று அடுக்கு. ஏறத்தாழ 80 சதவீத மாணவர்களுக்கு முதல் அடுக்கே போதும், 15 சதவீதம் பேருக்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு வேண்டும், 5 சதவீதம் பேருக்குத் தனிப்பட்ட உதவி வேண்டும் என்பது அவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. எல்லாப் பள்ளிக்கும் இதே எண் வரும் என்று யாரும் சொல்லவில்லை. யோசிப்பதற்கான முக்கோணம், அவ்வளவுதான்.

முதல் அடுக்கு: எல்லாருக்கும்

பள்ளி முழுக்க மூன்றிலிருந்து ஐந்து எதிர்பார்ப்புகள். அதற்கு மேல் வேண்டாம். பாதுகாப்பாக இரு, மரியாதையாக இரு, பொறுப்பாக இரு என்கிற மாதிரி. நம் பள்ளிச் சுவர்களிலும் இப்படி நிறைய எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். வித்தியாசம் அடுத்த படியில்தான் வருகிறது. ஒரு பக்கம் எதிர்பார்ப்புகள், இன்னொரு பக்கம் பள்ளியின் இடங்கள் என்று ஒரு கட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எழுதுகிறார்கள்.

நம்ம பள்ளிக்குப் போட்டால் இப்படி இருக்கும்:

- சத்துணவு வரிசையில் மரியாதை என்றால்: தட்டோடு பின்னால் போய் நிற்பது. சின்ன வகுப்புப் பசங்களை விலக்கிவிட்டு முன்னால் போகாமல் இருப்பது.
- மாடிப்படியில் பாதுகாப்பு என்றால்: ஏறுபவர் இடது பக்கம், இறங்குபவரும் அவருடைய இடது பக்கம். மணி அடித்ததும் ஓடாமல் இருப்பது.
- கழிப்பறையில் பொறுப்பு என்றால்: தண்ணீர் ஊற்றுவது, குழாயை மூடுவது, குழாய் உடைந்திருந்தால் சொல்லுவது.
- பஸ் ஸ்டாப்பில் பாதுகாப்பு என்றால்: பஸ் நின்ற பிறகு ஏறுவது, படிக்கட்டில் தொங்காமல் உள்ளே போவது.

இதை ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்ச் செய்து காட்டுகிறார்கள். பிரேயரில் மைக்கில் சொல்வதோடு விடுவதில்லை. பிறகு சரியாகச் செய்பவர்களைக் கவனித்துச் சொல்கிறார்கள். "குட் பாய்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் போதாது. "அந்த ஆறாங்கிளாஸ் பையனுக்கு வழி விட்டியே, அது நல்லா இருந்துச்சு" என்று குறிப்பாகச் சொல்லவேண்டும். ஒரு முறை திருத்தினால் நான்கு முறையாவது பாராட்டு என்று ஒரு விகிதமும் சொல்லுவார்கள். நான்கு என்ற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் நம் வகுப்பறைகளில் அந்த விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

தப்புச் செய்தால் ஒன்றும் கிடையாதா? உண்டு. எது வகுப்பிலேயே ஆசிரியர் பார்த்துக்கொள்வது, எது ஹெச்.எம். அறைக்குப் போவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். எல்லா ஆசிரியரும் அதையே பின்பற்றவேண்டும். ஒரு சார் சிரித்துவிட்டுப் போகும் விஷயத்துக்கு அடுத்த சார் முட்டி போடவைத்தால், மாணவன் கற்றுக்கொள்வது ஆசிரியரின் மூடைத்தான்.

இரண்டாம் அடுக்கு: கொஞ்சம் பேருக்கு

இதில் எனக்கு மிகவும் பிடித்தது செக்-இன், செக்-அவுட் என்ற சின்ன ஏற்பாடு. அடிக்கடி மாட்டிக்கொள்ளும் பையனுக்கு ஒரு பெரியவர். காலையில் வந்ததும் அவரிடம் இரண்டு நிமிடம். "சாப்பிட்டியா, நோட்டு இருக்கா, இன்னிக்கு எப்படி?" அவர் ஒரு அட்டை கொடுப்பார். ஒவ்வொரு பீரியடு முடிந்ததும் ஆசிரியர் அதில் 0, 1, 2 என்று ஒரு எண் போடுவார். சாயங்காலம் அதே பெரியவரிடம் மறுபடி இரண்டு நிமிடம். அட்டை வீட்டுக்குப் போகும், அம்மா கையெழுத்துப் போடுவார்.

செலவு ஒரு அட்டையும் நான்கு நிமிடமும். ஆனால் விளைவு பெரியது. அக்கா மகன் விஷயத்தில் பள்ளி அம்மாவிடம் பேசிய மூன்று முறையும் கெட்ட செய்திக்காகத்தான். "இன்னிக்கு நாலு பீரியடு நல்லா இருந்தான்" என்று ஒரு நாளும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அட்டை அதைச் சொல்லும்.

மூன்றாம் அடுக்கு: ஏன் செய்கிறான்?

இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. ஒரு நடத்தை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதனால் அந்த மாணவனுக்கு ஏதோ கிடைக்கிறது, அல்லது ஏதோவொன்றிலிருந்து அவன் தப்பிக்கிறான். அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது என்ற மூன்றையும் பல நாள் எழுதி வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் முதலில் லாக் பார்ப்போம். யார் மேல் தப்பு என்பது அப்புறம். எப்போது விழுந்தது, அதற்கு முன்னால் என்ன ஓடியது என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பழக்கத்தில் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு சண்டையும் எந்தக் கிழமை, எந்தப் பீரியடு என்று கேட்டேன். முதலில் "ஞாபகம் இல்ல அங்கிள்" என்றான். அப்புறம் டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனோம். முக்கால்வாசி இங்கிலீஷ் பீரியடு, அல்லது அதற்கு முந்தைய பீரியடின் கடைசிப் பத்து நிமிடம். அந்தப் பீரியடில் வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கவேண்டும்.

அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தமிழும் எழுத்துக்கூட்டித்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை நேரடி வகுப்புகள் மறுபடி தொடங்கியது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பின் பாதியில் இருக்கிறான். நான்காம் வகுப்பு என்ற ஒன்றை அவன் வகுப்பறையில் பார்த்ததே இல்லை. வாசிப்பு கெட்டிப்படும் ஒன்றரை வருடம் காணாமல் போயிருக்கிறது. வீட்டில் இருந்த ஒரே போன் அம்மாவோடு வியாபாரத்துக்குப் போய்விடும்.

இப்போது மூன்று பத்தியையும் நிரப்பிப் பாருங்கள். முன்னால்: வாசிக்கவேண்டிய முறை நெருங்குகிறது. நடத்தை: பக்கத்துப் பையனோடு சண்டை. பின்னால்: "வெளிய போ." வெளியே போனால் வாசிக்கவேண்டாம். ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்கு விடுதலையாக இருந்திருக்கிறது. அறுபது பேர் முன்னால் எழுத்துக்கூட்டுவதைவிடச் சண்டைக்காரன் என்று பேர் வாங்குவது மேல் என்று பதினான்கு வயசுப் பையன் முடிவு செய்தால், அதில் புரியாதது என்ன இருக்கிறது? கடைசியில் டி.சி. கொடுத்து நிரந்தரமாக வெளியே அனுப்பினோம்.

இதற்கு மருந்து என்ன? வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது. அதுவரை அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. "முடியல சார்" என்று சண்டை போடாமல் சொல்வதற்கு ஒரு வழி ஏற்படுத்திக் கொடுப்பது. நடத்தைப் பிரச்சினை என்று நாம் வகைப்படுத்தும் பலவும் உள்ளே படிப்புப் பிரச்சினையாகவே இருக்கின்றன.

பெரிய பள்ளி ஏன் வேறு மாதிரி

இந்த முறைக்கு நல்ல சான்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சின்னக் குழந்தைகளின் பள்ளிகளில். மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. காத்தரின் பிராட்ஷா குழு செய்தது. பி.பி.ஐ.எஸ். நடந்த பள்ளிகளில் தலைமையாசிரியரிடம் அனுப்பப்படும் வழக்குகளும் இடைநீக்கங்களும் குறைந்தன.

நகரத்துப் பெரிய உயர்நிலைப் பள்ளி வேறு கதை. காரணம் மூன்று. ஒன்று, அளவு. ஆயிரக்கணக்கான மாணவர்கள், பெயர் தெரியாத முகங்கள். இரண்டு, அமைப்பு. தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர் நாள் முழுக்க இருப்பார். இங்கே பீரியடுக்கு ஒருவர். "நான் கெமிஸ்ட்ரி எடுக்க வந்தேன், நடத்தை சொல்லிக்கொடுக்க இல்ல" என்று சொல்லும் ஆசிரியர் எல்லா நாட்டிலும் இருக்கிறார். மூன்று, வயசு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டலாம். பதினொன்றாம் வகுப்புக்காரனுக்கு ஒட்டிப் பாருங்கள்.

சிகாகோவில் ஒரு பெரிய நகர்ப்புற அரசு உயர்நிலைப் பள்ளியில் இதை முயன்று பார்த்ததை, லயோலா பல்கலைக்கழகத்தின் ஹேங்க் போஹனன் குழு 2006-இல் எழுதியது. மாதாந்தர வழக்குகள் குறைந்தன. இரண்டாம், மூன்றாம் அடுக்கு உதவி தேவைப்படுவோரின் பங்கும் குறைந்தது. ஆனால் இது ஒரே ஒரு பள்ளியின் கதை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளி இல்லை என்பதை மறக்கக் கூடாது. இப்படிப்பட்ட முயற்சிகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் பாடங்கள் சில உண்டு. ஆசிரியர்களில் 80 சதவீதம் பேராவது ஒத்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது. விதிகளை எழுதும்போதே மாணவர்களைச் சேர்க்கவேண்டும். எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காமல், பள்ளிக்குள் புதிதாக நுழையும் வகுப்பில் ஆரம்பிக்கவேண்டும். பலன் ஒரு வருடத்தில் தெரியாது.

நம் நாட்டுச் சான்று: பீகாரின் நாளந்தா

"அமெரிக்காக் கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற ஆய்வு நடந்தது. சங்கத் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சி. முடிவுகள் 2018-இல் லான்செட் இதழில் வந்தன. இது பி.பி.ஐ.எஸ். இல்லை. ஆனால் பள்ளி முழுவதன் சூழலையும் மாற்றுவது, குழுவாகச் செய்வது, தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை என்ற அடுக்குகள் அதேதான். பிரேயரில் பேச்சு, மாணவர்கள் மனசில் உள்ளதை எழுதிப்போடப் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழுக்கள்.

பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் இந்த வேலையை உள்ளூரிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த ஒரு ஆலோசகர் செய்தார். இவர் மனநலப் பட்டம் பெற்றவர் இல்லை. இன்னொரு பிரிவில் அந்தப் பள்ளியின் ஆசிரியரே செய்தார். மூன்றாவது பிரிவில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் நன்றாக மேம்பட்டது. கேலி, வன்முறை, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆசிரியரே செய்த பள்ளிகளில் மாற்றம் தெரியவில்லை.

எனக்கு இதுதான் மிக முக்கியமான செய்தி. செய்த காரியம் ஒன்று, செய்தவர் வேறு. ஏற்கெனவே பாடம், தேர்வு, ரெக்கார்டு, தேர்தல் வேலை என்று நிறைந்திருக்கும் ஆசிரியர் தலையில் இன்னொரு திட்டத்தை வைத்தால் அது காகிதத்தில்தான் இருக்கும். அறுபது பேர் வகுப்பின் ஆசிரியர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. நம் பாடப்புத்தகங்களில் 14417, 1098 என்ற உதவி எண்கள் அச்சாகின்றன. 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வந்தது. 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது. மாணவர்களை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து ஒற்றுமையையும் தலைமைப் பண்பையும் வளர்க்கும் திட்டம். முதல் அடுக்குக்கு இது தயாராக இருக்கும் கட்டமைப்பு. பாராட்டு தனி ஒருவனுக்குப் போனால் "டீச்சர் செல்லம்" என்று கேலி வரும். குழுவுக்குப் போனால் அந்தக் கூச்சம் இல்லை. பெரிய பசங்களுக்கு அது முக்கியம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியின் மாணவர்கள். அவன் பள்ளிக்கு வராமல் இருந்ததை விசாரித்தபோதுதான் நடந்துகொண்டிருந்த துன்புறுத்தல் வெளியே வந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி நிறக் கயிறுகளைத் தடை செய்வது முதல், பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமிப்பதுவரை பல பரிந்துரைகள் அதில் உண்டு. நாளந்தா முடிவைப் படித்த பிறகு அந்த நல அலுவலர் பரிந்துரையை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆசிரியர் அல்லாத, அந்த வேலைக்கென்றே இருக்கிற ஒருவர். இல்லாமல் போனது அந்த ஒருவர்தான்.

எனக்குள்ள சந்தேகங்கள்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசில்லை.

முதல் சந்தேகம், பரிசு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த பிரபலமான ஆய்வு உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பேரம் பேசுகிற மாதிரி பரிசு வேண்டாம். கவனித்துச் சொல்லும் ஒரு வார்த்தை போதும்.

இரண்டாவது, "மரியாதை" என்ற சொல். நம் ஊரில் மரியாதை பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. மாணவன் எழுந்து நிற்கவேண்டும், ஆசிரியர் "டேய்" என்று கூப்பிடலாம். கட்டத்தில் மாணவருக்கு எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆசிரியருக்கும் ஒரு வரி இல்லையென்றால், இது பழைய பிரம்புக்கு மாட்டிய புது உறைதான்.

மூன்றாவது, சாதி. முன்னால், நடத்தை, பின்னால் என்ற மூன்று பத்தியில் சாதிக்குத் தனி இடம் இல்லை. ஒருவன் திருப்பி அடித்ததை மட்டும் பதிவு செய்து, ஆறு மாதமாக அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை விட்டுவிட்டால், பதிவேடே அநியாயத்துக்குச் சாட்சி சொல்லும். அமெரிக்காவிலும் கறுப்பின மாணவர்கள் மேல் அதிகமாகத் தண்டனை விழும் இடைவெளி, இந்தத் திட்டம் வந்ததால் மட்டும் தானாக மூடிவிடவில்லை. அங்கே இப்போது வழக்குகளை இனவாரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இங்கே யாருக்கு டி.சி. போகிறது என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தைரியம் வேண்டும்.

எங்கே ஆரம்பிக்கலாம்

பெரிய திட்டம், ஜி.ஓ., நிதி எல்லாம் வரும்போது வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராகவோ முன்னாள் மாணவராகவோ இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்கக்கூடிய நான்கு விஷயங்கள்:

1. ஒரு நோட்டு. சம்பவம் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது. ஒரு மாதம் எழுதினால் போதும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில்தான் பாதிச் சண்டை என்று தெரிந்தால், தேவை இன்னொரு குழாயாக இருக்கலாம்.
2. புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் முதல் வாரத்தில் நடத்தையைச் செய்து காட்டிச் சொல்லிக்கொடுப்பது.
3. அடிக்கடி மாட்டும் பத்துப் பேருக்குக் காலை இரண்டு நிமிடம், மாலை இரண்டு நிமிடம். ஓய்வு பெற்ற ஆசிரியர், முன்னாள் மாணவர், நூலகர், யாராக இருந்தாலும் சரி. பள்ளியின் அனுமதியோடு, தினமும் தவறாமல் வருபவராக இருக்கவேண்டும்.
4. டி.சி. என்ற சொல் வாயில் வரும் முன் ஒரு கேள்வி: இவனுக்கு வாசிக்க வருகிறதா என்று யாராவது பார்த்தார்களா?

அக்கா மகனுக்கு வேறு பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. "பழைய ஸ்கூல்ல ஏன் அனுப்பிச்சாங்க" என்றுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி. இப்போது பெங்களூரு ஹைவே ஓரத்தில் ஒரு டூவீலர் பஞ்சர் கடையில் நிற்கிறான். போன வாரம் என் வண்டிக்குக் காற்று பிடிக்கப் போனபோது, "இங்க எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு அங்கிள். அண்ணன் ஒரு வாட்டி செஞ்சு காட்டுவாரு. அப்புறம் நம்மள செய்யச் சொல்வாரு. தப்பா செஞ்சா மறுபடி காட்டுவாரு. சரியா செஞ்சா சரின்னு சொல்வாரு."

அந்தக் கடைக்காரர் எந்த ஆய்வையும் படித்திருக்க மாட்டார். சனி, ஞாயிறு சாயங்காலம் பையன் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறான். தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து வாசிப்பு ஆரம்பித்திருக்கிறோம். அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் மறுபடி சேர்க்கக் கேட்டு ஹெச்.எம்.முக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வகுப்பாசிரியரும் அதில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.